பழுதுபட்ட குமிழ்

இசைப் பெட்டியின் குமிழை மெல்லத் திருப்புகிறோம். பாட்டு எழுவதற்கு முன்னே காய்ந்த சருகை மிதித்தாற்போல ஒரு கரகரப்பு எழுகின்றது. இன்னுஞ் சற்றுத் திருப்பினால் இடப்புறத்து ஒலிபெருக்கி ஊமையாகிவிடுகின்றது. குமிழைத் தட்டினால் மீண்டும் பேசுகின்றது. முப்பது நாற்பது ஆண்டுகள் வீட்டிலிருந்த பெட்டி. இதனைத் திருத்துவதா, ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் கேள்வி அப்போது பிறக்கின்றது.

வீட்டுக்காரர் தமது பணப்பையைத் தடவிப் பார்த்துத் தாமே விடை காணும் சின்னஞ்சிறு கேள்வி என்றே இது தோன்றும். ஆயின், அவருக்குக் கிடைக்கக்கூடிய விடைகள் எவை என்பதை அவர் பிறப்பதற்கு முன்னரே வேறு பலர் தீர்மானித்து வைத்திருக்கின்றனர். பெட்டியை அமைத்தவரும், அதன் சுற்றுப்படத்தை வெளியிட்டவரும், பின்பு அதனை ஒளித்தவரும், திருத்துபவருடைய ஒரு மணிநேர உழைப்புக்கு விலை குறித்த சந்தையும் அவருள் அடங்குவர். அவர்களுடைய கதையே இங்கு கூறப்படுவது.

பாடநூல்கள் 'விரியலாக்கி' என்று பெயர் சூட்டியிருக்கும் இப்பெட்டியை மக்கள் அம்பிளிபயர் என்றே அழைப்பர். நாமும் அவ்வாறே அழைப்போம். இசைத்தட்டின் முள்ளிலிருந்து வருகின்ற மிக நுண்ணிய மின்னதிர்வை, ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கத்தக்க வலிமையுள்ளதாக்குவது இதன் தொழில். 1906இல் அமெரிக்கரான லீ டி பொறஸ்ட் மூன்று மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தபோது இதற்கு வித்திடப்பட்டது. எனினும் தொடக்கத்தில் ஒலி பெருகியதேயன்றித் தூய்மையாகப் பெருகவில்லை. மனிதக் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. இக்குறை நீங்கியது தொலைபேசிக் கம்பெனிகளின் தேவையால். ஒரு கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குரலை அனுப்ப வேண்டுமாயின் வழியிலே பல இடங்களில் அதனைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பெருக்கமும் ஒரு கறையைச் சேர்க்கும். இறுதியிலே கறையே எஞ்சும். பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் ஹரல்ட் பிளக் 1927 ஓகஸ்ட் 2ஆந் திகதி காலை, வேலைக்குச் செல்லும் வழியில், அட்சன் ஆற்றைக் கடக்கும் படகிலே நின்றபடி இதற்கு விடை கண்டார். வெளிவருகின்ற ஒலியின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்நுழைவாயிலுக்குத் திருப்பியனுப்பினால் பெட்டி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். கையிலிருந்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் வெற்றிடத்திலே அதனைக் குறித்துக்கொண்டார். மறைப் பின்னூட்டல் என்று இன்று நாம் கூறுவது அதுவே. பிழையை ஒளிக்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினால் அது குறையும் என்ற இக்கருத்தைக் காரியாலய அதிகாரிகள் நம்பவில்லை போலும். 1928இல் விண்ணப்பிக்கப்பட்ட உரிமப் பத்திரம் 1937இலேதான் கிடைத்தது.

தொலைபேசிக் கம்பத்திலிருந்து வீட்டுக் கூடத்துக்கு இவ்வறிவு வந்து சேர்ந்த விதமே நமக்கு முக்கியமானது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிரித்தானியாவிலே பாணுக்கும் பங்கீட்டு அட்டை இருந்தது. அக்காலத்தில், 1947 ஏப்ரில், மே மாதங்களில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகை டி. ரி. என். வில்லியம்சன் என்ற இளம் பொறியியலாளர் எழுதிய இரு கட்டுரைகளை வெளியிட்டது. பதினைந்து வாற்று வலுவுடையதும், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான திரிபையே உண்டாக்குவதுமான அம்பிளிபயர் ஒன்றின் அமைப்பை அவர் அதிலே முழுமையாக விளக்கினார். எந்த வால்வு, எந்தத் தடையி, மின்மாற்றியின் கம்பியை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், எந்த அடுக்கை எதன் மேல் வைக்க வேண்டும் என்பனவெல்லாம் அச்சிலே வந்தன. சஞ்சிகையின் விலையைக் கொடுத்தவன் எவனும் அவ்வறிவுக்கு உரியவனானான். யுத்தத்திலே ராடரும் வானொலியும் இயக்கப் பழகி, படையிலிருந்து விலகி வந்த ஆயிரக்கணக்கான இளைஞர் அங்கிருந்தனர். யுத்தத் தேவைக்கென உற்பத்தியான உதிரிப்பாகங்கள் மலிவாகக் கிடைத்தன. இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வில்லியம்சன் அம்பிளிபயர் வீட்டுச் சமையலறை மேசைகளிலே உருவாயிற்று.

இச்செய்தியை நாம் சற்று அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. தான் கட்டிய பெட்டியைத் தானே திருத்த முடியும். கட்டத் தெரிந்தவன் அயலவன் பெட்டியையும் திருத்துவான். ஆகவே அக்காலத்து அம்பிளிபயருக்குத் 'திருத்துவதா மாற்றுவதா' என்ற கேள்வியே எழவில்லை. அமெரிக்காவின் ஹீத் கம்பெனி பாகங்களை ஒரு பெட்டியிலிட்டு, எந்தக் கம்பியை எங்கே பற்றாசு வைத்து ஒட்டுவது என்று படிப்படியாகக் கூறும் கைநூலுடன் விற்றது. டைனக்கோ கம்பெனி 1959இல் வெளியிட்ட 'ஸ்ரீரியோ 70' என்னும் அம்பிளிபயர் மூன்று இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. அவற்றுள் பெருந்தொகையானவற்றை வாங்கியவர்களே பூட்டினர்.

பூட்டிய நிலையிலே விற்றவர்களும் அக்காலத்தின் ஒழுங்கைப் பின்பற்றினர். ஹரல்ட் லீக் 1945இலேயே 'பொயின்ற் வண்' என்ற பெயரில் ஓர் அம்பிளிபயரை வெளியிட்டிருந்தார்; நூற்றுக்குத் தசம் ஒன்று திரிபு என்பதே அப்பெயரின் பொருள். பீற்றர் வோக்கர் 1936இல் இலண்டனில் தொடங்கி, குண்டுவீச்சினால் 1941இல் ஹன்ரிங்டன் என்னும் சிற்றூருக்குக் கொண்டுசென்ற தொழிற்கூடத்திலிருந்து குவாட் என்னும் பெட்டிகள் வந்தன. 1953 முதல் 1967 வரை ஒரே மாதிரியான 'குவாட் 2' அங்கே செய்யப்பட்டது. பதினான்கு ஆண்டுகள்! இன்றைய வியாபாரி இதைக் கேட்டால் முகஞ் சுழிப்பார். 1967இல் அதற்குப் பின்வந்த 'குவாட் 33' என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் சுற்றுப் பலகைகளைத் திருத்துபவர் கையால் இழுத்தெடுத்து மீண்டும் செருகலாம். பல பத்தாண்டுகளுக்கு முன் விற்ற பெட்டியையும் ஹன்ரிங்டனுக்கு அனுப்பித் திருத்திப் பெறலாம் என்பது அந்நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது.

இவையெல்லாம் ஏழைகளின் பொருள்கள் என்று நாம் கூறவரவில்லை. துல்லிய ஒலி என்பது தொடக்கத்திலிருந்தே மத்தியதர வர்க்கத்தாரின் கூடத்துக்கு உரியது. தொழிலாளி வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தாலே பெரிது. ஆயினும் அப்பெட்டிகளுக்குள் ஒரு தொழில் நாணயம் இருந்ததென்பதையும், அதனைக் காத்தவர்கள் கையிலே பற்றாசுக்கோல் பிடித்தவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனிக் குமிழுக்கு வருவோம். ஒரு பெட்டியில் அன்றாடம் மனிதக் கை படுவது இவ்விடத்திலேதான். ஆகவே முதலில் தேய்வதும் இதுவே. குமிழின் பின்னே ஒரு தகரச் சிமிழ். அதனுள்ளே குதிரை லாட வடிவிலே காபன் பூசிய ஓர் அட்டை. அதன் மீது வழுக்கிச் செல்லும் ஓர் உலோக விரல். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலியின் ஒரு பங்கு அடுத்த கட்டத்துக்குச் செல்லும். பௌதிக ஆசிரியர் பாடசாலையிலே காட்டும் அழுத்தமானியின் சிறு வடிவம். ஆனால் இதிலே ஒரு சூட்சுமம் உண்டு. நமது செவி ஒலியைக் கூட்டற் கணக்கிலே அளப்பதில்லை. பெருக்கற் கணக்கிலே அளக்கின்றது. ஆகவே காபன் பூச்சின் தடையும் மடக்கை ஒழுங்கிலே மாற வேண்டும். சீராக அவ்வாறு பூசுவது செலவானது. மலிவான குமிழ்களிலே இரண்டு மூன்று வேறுபட்ட கலவைகளை அடுத்தடுத்துப் பூசி, வளைகோட்டுக்குப் பதிலாக உடைந்த நேர்கோடுகளால் சமாளித்துவிடுவர்.

ஒற்றை ஒலிபெருக்கிக் காலத்திலே இச்சமாளிப்பு வெளிப்படவில்லை. இரட்டை வழி ஒலி வந்த பின் வெளிப்பட்டது. அலன் புளும்லைன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1931லேயே அதற்கு உரிமம் கோரியிருந்தார். (1942இல் ராடர்ச் சோதனையின்போது விமானம் வீழ்ந்து இறந்த அவர், தம் கண்டுபிடிப்புக் கடையிலே விற்கப்படுவதைக் காணவில்லை.) 1958இல் இரட்டை வழி இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்தன. அதன்பின் ஒரே தண்டிலே இரண்டு காபன் தடங்கள், இரண்டு விரல்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். குமிழை மிகத் தாழ்வாக வைக்கும்போது ஒரு பக்கம் மங்குவதும் மறுபக்கம் ஓங்குவதும் பலருக்கு அனுபவம். அது முதுமையினாலும் வரும். பிறப்பிலேயே இருந்ததாகவும் இருக்கலாம்.

கரகரப்பு வேறு. காற்றிலுள்ள தூசும், இறுகிப்போன பசையும், உலோகத்தில் ஏறும் களிம்பும் விரலுக்கும் தடத்துக்கும் இடையே புகுந்து தொடர்பை நொடிக்கு நொடி துண்டிக்கின்றன. அதற்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தைச் சிமிழின் துவாரத்தில் இரண்டொரு துளி தெளித்து, குமிழை முப்பது நாற்பது முறை இப்பாலும் அப்பாலும் திருப்பினால் பெரும்பாலும் குணமாகும். கைக்கெட்டிய எண்ணெயெல்லாம் ஊற்றுபவர்கள் உளர். அது மூன்று மாதத்தில் தூசை இன்னும் கூட்டிச் சேர்க்கும். காபன் தேய்ந்து அட்டை வெளித் தெரிந்துவிட்டதாயின் எந்தத் துளியும் உதவாது. குமிழை மாற்றியே தீரவேண்டும்.

மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அதை எனக்குக் கற்பித்தவர் யாழ்ப்பாண நகரத்தின் ஒரு சந்திலே சிறு கடை வைத்திருந்த முதிய திருத்துனர். 1977க்குப் பின் என் உறவினர் ஒருவர் வாங்கிய யப்பானிய அம்பிளிபயரை நான் அவரிடம் கொண்டு சென்றேன். அதற்கு முன் பெயர் பெற்ற ஒரு கடையிலே கொடுத்து, வொலியூம் குமிழைப் புதிதாக மாற்றியிருந்தேன்; ஆறு மாதத்திலே கரகரப்புத் திரும்பிவிட்டது. இனித் திருத்த இயலாது, புதியது வாங்குங்கள் என்று அக்கடையிலே சொல்லிவிட்டார்கள். முதியவர் குமிழைத் தொடவேயில்லை. மானியின் இரு முனைகளையும் எங்கோ வைத்து, ஊசியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்ரர், குமிழிலை பிழை இல்லை. அதுக்கு முன்னாலை கிடக்கிற கொண்டென்சர் ஒழுகுது. நீங்கள் குமிழை நூறுதரம் மாத்தினாலும் அது கத்தத்தான் செய்யும்."

இதன் பொருள் பின்னரே விளங்கிற்று. குமிழின் காபன் தடத்தில் ஆடலோட்டமாகிய இசை மட்டுமே செல்ல வேண்டும். நேரோட்டத்தைத் தடுத்து நிறுத்துவதற்கு முன்னே ஒரு கொள்ளளவி காவல் நிற்கிறது. வயதினால் அது ஒழுகத் தொடங்கினால் நேரோட்டம் தடத்திலே கசியும். விரல் அசையும்போதெல்லாம் அது வெடித்து ஒலிக்கும். குற்றம் ஒருவருடையது, பழி மற்றொருவருக்கு. சில சதங்கள் பெறுமதியான ஒரு பாகத்தினால் ஒரு முழுப் பெட்டி மரண தண்டனை பெறவிருந்தது.

இவ்வாறே, நெடுநேரம் ஒலித்த பின் ஒரு பக்கம் மறைந்துபோய், குமிழை உயர்த்தியவுடன் திரும்புமாயின், பலர் குமிழையே குற்றஞ் சாட்டுவர். ஒலிபெருக்கிகளைக் காப்பதற்கென உள்ளே அமைந்த மின்காந்த ஆளியின் முனைகள் கருகியிருப்பதே பெரும்பாலும் காரணம். தெரிவு ஆளிகளின் வெள்ளி முனைகள் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுப்பதும் உண்டு. மின்பகு கொள்ளளவிகளைப் பற்றித் தொழிலாளரிடையே வழங்கும் விதி ஒன்று: வெப்பம் பத்துப் பாகை கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும். பெட்டியின் மேல் வேறொரு பெட்டியை அடுக்கி, அதன் மேல் பூச்சாடியும் வைக்கும் நமது பழக்கத்தை இவ்விதியோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். வால்வுப் பெட்டிகளுள் நானூறு வோற்று வரை அழுத்தம் நிற்கும். மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் சிறிது காலம் கொள்ளளவிகளிலே அது தங்கியிருக்கும். பழகாதவர் மூடியைத் திறக்கலாகாது.

வில்லியம்சன் தமது கட்டுரையை வெளியிட்ட அதே 1947இன் திசெம்பரில் பெல் ஆய்வுகூடத்தார் திரான்சிற்றரை உருவாக்கினர். வால்வுகளின் இடத்தை அது எடுத்துக்கொள்ள இருபது ஆண்டுகள் போதுமானவையாயின. வெப்பம் குறைந்தது, எடை குறைந்தது, விலை குறைந்தது. மத்தியதர வர்க்கத்தின் கீழ்த்தட்டினரும் நல்ல இசை கேட்க முடிந்தது. இதனை முன்னேற்றமன்று என்று கூறுபவர் பழமைப் பித்தர். 1970களிலே யப்பானிய நிறுவனங்கள் உலகச் சந்தையைக் கைப்பற்றின. கனத்த மின்மாற்றி, அலுமினிய முகப்பு, பல குமிழ்கள், ஏராளமான ஆளிகள். அவற்றிலே உழைப்பும் நேர்த்தியும் இருந்தன என்பதற்கு, அரை நூற்றாண்டு கழிந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளே சான்று.

ஆனால் போட்டி கடுமையானபோது வேறொரு வழி பிறந்தது. வலுவைத் தரும் பல திரான்சிற்றர்களையும் தடையிகளையும் ஒரே கட்டியாக்கி மூடிவிட்ட கலப்புச் சுற்றுகள் வந்தன. சான்யோ நிறுவனத்தின் எஸ்.ரி.கே. வரிசை இவற்றுள் பெயர் பெற்றது. உள்ளே ஒரு பாகம் எரிந்தால் முழுக்கட்டியையும் மாற்ற வேண்டும். சான்யோவின் குறைகடத்திப் பகுதி 2011இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பழைய கட்டிகள் பலவற்றின் உற்பத்தியும் நின்றது. அதன் பின் சந்தையிலே கிடைப்பவற்றுள் போலிகள் மலிந்தன. அதே இலக்கம், அதே எழுத்து, உள்ளே வேறு சரக்கு. நேர்மையான திருத்துனரும் இதனாலே அவப்பெயர் பெறுகிறார்.

குமிழும் மாறிற்று. வெளித்தோற்றத்திலே முன்போலவே வட்டமாயிருக்கும். ஆனால் காபன் தடமில்லை. எத்தனை படி திருப்பினோம் என்று எண்ணிச் சொல்லும் ஒரு குறியாக்கி மட்டுமே. ஒலியைக் கூட்டிக் குறைப்பது உள்ளிருக்கும் ஒரு சில்லு. அக்குறியாக்கியும் தேயும். உயர்த்தத் திருப்பினால் தாழும். தாழ்த்தினால் திடீரென ஏறும். முந்திய குமிழுக்கு மாற்றாக அதே தடையும் அதே தண்டும் உள்ள எந்தக் குமிழையும் பூட்டலாம். பிந்தியதற்குச் சில்லு ஏற்கும் குறியாக்கி வேண்டும். சில்லே கெட்டதாயின் அதனுள் எழுதப்பட்ட நிரல் தயாரிப்பாளரிடம் மாத்திரமே இருக்கும். வில்லியம்சன் அச்சிலே கொடுத்தது, ஐம்பது ஆண்டுகளுக்குள் பூட்டிய அறைக்குள் சென்றுவிட்டது.

இதனை வெறும் சதி என்று கூறிவிடுவது எளிது. சதிகள் இருந்தன என்பதும் உண்மை. மின்குமிழ் உற்பத்தி செய்த பெருங்கம்பெனிகள் 1924இன் இறுதியில் ஜெனீவாவிலே கூடி, 'பீபஸ்' என்னும் கூட்டை அமைத்தன. குமிழ் ஒன்று ஆயிரம் மணிநேரத்துக்கு மேல் எரியலாகாது என்று விதித்து, மீறிய தொழிற்சாலைக்குத் தண்டமும் விதித்தன. பொருளாதார மந்தத்தின் உச்சத்திலே, 1932இல், பேர்னாட் லண்டன் என்பவர் அமெரிக்காவில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கம் ஆயுட்காலம் குறித்து, அது கடந்ததும் பொருள் சட்டப்படி 'இறந்ததாக' அறிவிக்க வேண்டும். அவ்வாறாயின் தொழிற்சாலைகள் மீண்டும் ஓடும் என்பது அவருடைய யோசனை. வேலையற்றோர்க்கு இரங்கி எழுந்த யோசனைதான். ஆனால், மக்களை வாழவைப்பதற்காகப் பொருள்களைக் கொல்ல வேண்டியிருக்கும் ஓர் அமைப்பை அது எவ்வளவு வெள்ளையாகக் காட்டிவிட்டது! 1960இல் வான்ஸ் பக்காட் எழுதிய நூல், செயலால் பழையதாதல், தரத்தால் பழையதாதல், ஆசையால் பழையதாதல் என மூன்றாக இதனை வகுத்துக் கண்டித்தது. நமது அம்பிளிபயருக்கு மூன்றாவதே அதிகம் பொருந்தும். ஒலியிலே குறைவில்லாத பெட்டி, முகப்பு வெள்ளியிலிருந்து கறுப்பானதனால் பழையதாயிற்று.

எனினும் சதியால் விளங்காத ஒரு பகுதி இருக்கிறது. வில்லியம் போமல், வில்லியம் போவன் என்னும் இரு பொருளியலாளர்கள் 1966இல் வெளியிட்ட நூலிலே, தந்தி வாத்தியம் வாசிக்கும் நால்வர் குழுவை உதாரணங் காட்டினர். பீதோவன் காலத்தில் ஓர் உருப்படியை வாசிக்க எத்தனை பேர், எத்தனை நேரம் தேவையோ அத்தனையே இன்றும் தேவை. தொழிற்சாலையிலே ஒரு பெட்டி செய்யும் நேரமோ ஆண்டுக்காண்டு குறைகிறது. ஆகவே தொழிற்சாலைப் பண்டத்தோடு ஒப்பிடும்போது வாத்தியக்காரரின் ஊதியம் ஏறிக்கொண்டேயிருப்பதாகத் தோன்றும். அவர்கள் எழுதியது கலை நிகழ்ச்சிகளைப் பற்றி. ஆயினும் திருத்துனரின் மேசைக்கும் இது அச்சொட்டாகப் பொருந்துகின்றது. ஒழுகும் கொள்ளளவியைத் தேடிக் கண்டுபிடிக்க 1955இல் ஒரு மணிநேரம் எடுத்தது; இன்றும் ஒரு மணிநேரம் எடுக்கிறது. அந்த ஒரு மணிநேரத்தின் கூலி இலண்டனிலோ பாரிசிலோ ஒரு புதிய மலிவுப் பெட்டியின் விலையை நெருங்கிவிட்டது. அம்மலிவுப் பெட்டி ஆசியத் தொழிலாளியின் குறைந்த கூலியில் செய்யப்படுவது என்பதையும் இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். திருத்துவது நட்டம், எறிவது இலாபம் என்ற கணக்கு இவ்விரு கூலிகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலே பிறந்தது.

எறிந்தது எங்கே போயிற்று? ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின், இலத்திரனியல் கழிவு உண்டாயிற்று. முறையாகச் சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989லேயே உருவானது. அதன் பின்னும் பழைய பெட்டிகள் கானா நாட்டின் அக்ரா நகரிலே அக்பொக்புளோசி என்னும் இடத்துக்குச் சென்றன. செப்புக்காகக் கம்பிகளை எரித்த புகையிலே சிறுவர்களும் நின்றனர். 2021 யூலையில் அரசாங்கம் அவ்விடத்தைத் தரைமட்டமாக்கியது. எரித்துப் பிழைத்தவர்கள் வேறிடம் தேடினர்.

நமது நாட்டிலே திருத்துதல் ஒரு கொள்கையாக வளரவில்லை; நிர்ப்பந்தமாக வளர்ந்தது. இலங்கையில் ஒலிபரப்பே பழைய பாகங்களிலிருந்து பிறந்ததாகும். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹார்ப்பர், 1920களின் முற்பகுதியிலே, கைப்பற்றப்பட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்தே பரிசோதனைகளை நடத்தினார். 1925இல் கொழும்பு வானொலி தொடங்கிற்று. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வால்வு கிடைப்பதே அரிது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துக்கு மின்கலங்களும் வரவில்லை, மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னிலே வானொலி கேட்டோம். சுழற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துத் தாழும். அவ்வேளையில் குமிழ் எங்கே இருந்தாலும் ஒலியின் அளவைத் தீர்மானித்தது சுழற்றுபவரின் கால்தான். அத்தடையைப் புகழ்வதற்கு இதனைச் சொல்லவில்லை. மின்கலம் இல்லாத வீட்டின் துன்பம் துன்பமே. ஆயின் அக்காலத்திலே கற்ற கை எதனையும் எளிதில் எறிவதில்லை. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதிகள் தடைப்பட்டபோது மக்கள் மீண்டும் அக்கைகளைத் தேடிச் சென்றனர். பல சந்துகளிலே கடைகள் மூடியிருந்தன.

மேற்கிலே இப்பொழுது காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியிருக்கிறது. 2009இல் ஒல்லாந்தின் அம்ஸ்ரடாமிலே மார்ற்றினே பொஸ்ற்மா என்ற பெண்மணி 'திருத்தகம்' ஒன்றை ஆரம்பித்தார். தேநீர் பருகிக்கொண்டே அயலவர்கள் ஒருவர் பொருளை மற்றொருவர் கூலியின்றித் திருத்திக் கொடுக்கும் இடம். அம்முறை பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 யூனில், திருத்தும் உரிமையை முன்வைத்து ஒரு சட்டக் கட்டளையை நிறைவேற்றியது. சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சித் திரை, கைத்தொலைபேசி முதலியவற்றைத் திருத்திக் கொடுக்கும் கடமையைத் தயாரிப்பாளர் மீது அது சுமத்துகிறது. வீட்டு அம்பிளிபயர் அப்பட்டியலிலே இல்லை. ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் விற்கப்படுவதை முதலில் கவனித்தார்கள் என்று சமாதானங் கூறலாம், கூறட்டும்.

செல்வந்தர் உலகிலே வேறொரு வேடிக்கை. பழைய வால்வுப் பெட்டிகள் இன்று கலைப்பொருள்களாகிப் பெருவிலை பெறுகின்றன. குவாட் நிறுவனம் 1997இல் ஆசிய முதலாளிகளின் கைக்கு மாறி, உற்பத்தியும் சீனத்துக்குச் சென்றது. 2024இல் அந்நிறுவனம் 1967இன் '33' என்ற அதே பெயரிலும் சாயலிலும் புதிய பெட்டியொன்றை வெளியிட்டது. பழமையும் புதுச்சரக்காக விற்கப்படுகிறது. எதனையும் பழையதென்பதற்காக மட்டும் போற்றுவது, எதனையும் பழையதென்பதற்காக மட்டும் எறிவதன் மறுபக்கமேயாகும். மின்மாற்றி எரிந்துபோனதும், மாற்றுப்பாகம் எங்குமே கிடைக்காததுமான பெட்டியை வைத்துக்கொண்டு வருந்துவதில் பயனில்லை. அதன் நல்ல பாகங்கள் வேறொரு பெட்டிக்கு உயிர் கொடுக்கும். மின்மாற்றி நன்றாயிருந்து, குமிழும் ஆளியும் கொள்ளளவியும் மட்டும் முதிர்ந்திருப்பின் திருத்துவதே தக்கது. மின்னதிர்ச்சி தரும் பழைய இணைப்புக் கம்பியை முதலில் மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருத்துனரிடம் இறந்த பெட்டிகளின் வயிற்றிலிருந்து எடுத்த பாகங்கள் நிறைந்த மரப்பெட்டகம் ஒன்றிருந்தது. ஒவ்வோர் இழுப்பறையிலும் பென்சிலால் எழுதிய இலக்கங்கள். அதிலிருந்து ஒரு சிறு கொள்ளளவியை எடுத்து, மானியிலே வைத்துப் பார்த்து, என் பெட்டியிலே ஒட்டினார். பழைய கடையார் பூட்டிய குமிழ் அப்படியே இருக்க, கரகரப்பு நின்றுவிட்டது. இத்தொழிலை யாருக்குப் பழக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மூண்டு பேர் பழகினவங்கள், மாஸ்ரர். ரண்டு பேர் கனடாவிலை. மற்றவன் போன் கடை வைச்சிருக்கிறான், கண்ணாடி மாத்துவான்."

மூடியைப் பூட்டுவதற்கு முன், பெட்டியின் உட்புறத்திலே ஒட்டியிருந்த சுற்றுப்படத்தின் மஞ்சளேறிய தாளை அவர் கவனமாக நீவிவிட்டார். பின் அதன் ஓரத்திலே, தாம் மாற்றிய பாகத்தின் அளவையும் அன்றைய திகதியையும் பென்சிலால் குறித்தார்.